வார்டுக்கு ஒரு மாந்திரீகர்

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்ரயிலில் உட்கார இடம் கிடைத்தவர்கள் செல்போனைப் பார்ப்பார்கள். கிடைக்காதவர்களுக்குப் படிக்கப் பெட்டியின் சுவர் இருக்கிறது. மூலம், பவுத்திரம், விரைவீக்கம். அதை ஒட்டி, அதே பசையில், இன்னொரு தாள்: செய்வினை, பில்லி, சூனியம், ஏவல், காத்து கருப்பு, காதல் தோல்வி, கணவன் மனைவி பிரிவு, கடன் தொல்லை, குழந்தையின்மை, சொத்து வழக்கு, வெளிநாட்டு வேலையில் தடை. 24 மணி நேரத்தில் தீர்வு. மலையாள மாந்திரீகம். கீழே ஒரு கைபேசி எண்.

தேர்தல் வந்தால் அறிக்கை எழுதும் குழுக்கள் மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களிடம் கருத்துக் கேட்கின்றன. வீண் அலைச்சல். சானடோரியத்தில் ஏறிக் கிண்டியில் இறங்கினால் மொத்தப் பட்டியலும் கையில். இந்த மாநிலத்தில் யாருக்கு என்ன வலி, எங்கே வலி, எதை வெளியில் சொல்லக் கூசுகிறார்கள் என்பதை அந்த இரண்டு தாள்கள் அளவுக்கு எந்த அரசு ஆவணமும் எழுதியதில்லை.

ஆகவே ஒரு யோசனை. தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் பிறந்தது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி 70 வார்டுகளாகப் பிரித்தார்கள். வார்டுக்கு ஒரு மாந்திரீகரைச் சம்பளத்தில் போட்டுவிடலாம். சிரிக்க வேண்டாம். அந்த ஆள் ஏற்கெனவே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். பணி வரன்முறை செய்வது மட்டும்தான் பாக்கி.

அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இரண்டாவது மணியில் போனை எடுக்கிறார். போனால் உட்காரச் சொல்கிறார். "சொல்லும்மா" என்றுவிட்டு ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் கேட்கிறார். தென்சென்னைப் புறநகரில் ஒரு பெண் தன் கஷ்டத்தைச் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் சொல்வதற்குக் காது கொடுக்கிற ஆம்பிளை அநேகமாக அவர் ஒருவர்தான். ஆதார் நகல் கேட்பதில்லை. சர்வர் வேலை செய்யவில்லை என்பதில்லை. "மேலே அனுப்பியிருக்கோம், பதில் வரல" என்பதில்லை. மேலிடத்தோடு அவருக்கு நேரடித் தொடர்பு. காரணத்தைச் சொல்கிறார். காரணமான ஆளையும் சொல்கிறார். தேதியும் சொல்கிறார்: "வர்ற அமாவாசைக்குள்ள சரியாயிடும்." இப்படி மூன்றையும் ஒரே நாளில் சொன்ன அரசுத் துறை ஒன்றைக் காட்டுங்கள்.

ஒரே ஒரு குறை. அவர் சொல்வதெல்லாம் பொய். அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஆட்சிமுறையில் இல்லை.

அவருடைய பொய்யில் ஒரு நேர்த்தி இருக்கிறது. அது யார் மேல் விழ வேண்டுமோ அவர்கள் மேல் மட்டும் விழும். 2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு கரையைத் தாண்டி வந்து முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்களை விழுங்கியது. அந்தப் பக்கத்து வீடுகள் ஏனோதானோவென்று கட்டியவை அல்ல. வாஸ்து பார்த்தார்கள். சமையலறை அக்னி மூலை, படுக்கை கன்னி மூலை, தண்ணீர்த் தொட்டி ஈசானிய மூலை, வாசற்படி வைக்க நல்ல நேரம், கிரகப்பிரவேசத்துக்குப் பசுமாடு. ஏரி எங்கே இருந்தது, மதகு எந்தப் பக்கம், வாய்க்கால் எங்கே ஓடியது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய நாற்காலியில் இருந்தவர்களும் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஈசானியத்தில் தண்ணீர் இருந்தால் செல்வம் என்பது வாஸ்து. அன்றைக்கு எட்டுத் திசையிலும் தண்ணீர் இருந்தது.

வெள்ளம் வடிந்தது. மெத்தை, ஃப்ரிட்ஜ், பிள்ளையின் சான்றிதழ்கள் எல்லாம் போயின. வீட்டுக்கடன் தவணை மட்டும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டு அம்மா யாரோ சொல்லி மாந்திரீகரிடம் போகிறார். அவர் வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிறார். "கூடப் பிறந்த மாதிரி பழகுற ஆளு. பொம்பள. வயிறு எரிஞ்சு செஞ்சிருக்கா." ஆயிற்று, ஓரகத்தி மாட்டினாள். வெற்றிலை மையில் ஓரகத்தி தெரிவாள், நாத்தனார் தெரிவாள், எதிர்வீட்டில் பிள்ளை இல்லாதவள் தெரிவாள். நீர்வழியை மனையாகப் பிரித்து விற்றவன் முகம் தெரிந்ததாக இந்த நூறு வருடத்தில் ஒரு தகவல் இல்லை. வரைபடத்துக்கு அனுமதி கொடுத்த அதிகாரி தெரிந்ததில்லை. அனுமதி கொடுக்கச் சொல்லிப் போன் போட்ட அண்ணன் தெரிந்ததே இல்லை. இவ்வளவு நாசூக்கான மையைக் கண்டுபிடித்தவனுக்குத் தலைமைச் செயலகத்தில் ஒரு சிலை வைக்கலாம்.

மாதச் சம்பளக்காரன் வேலை போனால் செய்வினை. கல்யாணம் தள்ளிப்போனால் செய்வினை. மைக்ரோ ஃபைனான்ஸ் ஆள் வாசலில் வந்து உட்கார்ந்தால் செய்வினை. ஒவ்வொரு அநியாயத்துக்கும் ஒரு சொந்தக்காரியைப் பிடித்துக் கொடுத்து, மிச்சப் பேரை நிம்மதியாக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நடமாட விடுகிற ஊழியர் கிடைத்தால் எந்த அரசுதான் வேண்டாம் என்று சொல்லும்?

மாட்டுவது ஏன் எப்போதும் பெண் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அது பண்பாட்டுக்கு எதிரான கேள்வி ஆகிவிடும். ஜார்க்கண்டில் சூனியக்காரி என்று முத்திரை குத்தி ஊரே சேர்ந்து வதைத்து விரட்டிய சுட்னி மஹதோ, பிறகு தன்னைப் போன்ற பெண்களைக் காப்பாற்றுவதையே வேலையாகக் கொண்டார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த மாநிலத்தில் 2001-லேயே இதற்கென்று சட்டம் இருக்கிறது. இருந்தும் கொலைகள் நிற்கவில்லை. நாம் படித்தவர்கள், புறநகர்வாசிகள், அப்படியெல்லாம் அடித்துக் கொல்ல மாட்டோம். பேச்சை நிறுத்துவோம். அவள் கொடுத்த பலகாரத்தை வாங்கிக் குப்பையில் போடுவோம். வளைகாப்புக்கு அழைக்க மாட்டோம். அவள் வருகிற நேரத்தில் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போவோம். இருபது வருடம் கழித்து அவள் செத்தால், போய் ஒரு மாலை போட்டுவிட்டு வந்து தலை முழுகுவோம்.

தகடு எடுப்பது ஒரு கைத்தொழில், அதையும் சொல்லிவிட வேண்டும். வாசல் படிக்கட்டு ஓரம் ஒரு முழம் தோண்டுவார். மந்திரம் உச்சத்துக்குப் போகும்போது கை குழிக்குள் போகும். மண்ணோடு செப்புத் தகடு, கொஞ்சம் முடி, ஆணி அடித்த துணிப் பொம்மை வெளியே வரும். உள்ளே போகும்போது அந்தக் கை காலியாகப் போகவில்லை, அவ்வளவுதான் ரகசியம். அடுக்குமாடி வந்தபின் தோண்ட மண் இல்லையே, தொழில் படுத்துவிடும் என்று நினைத்தேன். இப்போது ஏசியின் வெளி யூனிட்டுக்குப் பின்னாலிருந்து எடுக்கிறார்களாம். எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் வருகிறதே என்பீர்கள். கத்தியில் மீத்தைல் ஆரஞ்சு தடவிக் காயவைத்திருந்தால் எந்தப் பழமும் ரத்தம் கக்கும். அமிலம் பட்டால் அது சிவக்கும். பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் பிள்ளைகள் டைட்ரேஷனுக்குப் பயன்படுத்தும் அதே சாயம். தீக்குச்சி இல்லாமல் ஹோமகுண்டம் பற்றிக்கொண்டால் அது பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் கிளிசரினும். கோவை போத்தனூரில் இருந்த பி. பிரேமானந்த் ஊர் ஊராகப் போய் இதையெல்லாம் மேடையில் செய்து காட்டி, எப்படிச் செய்தேன் என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டு 2009-ல் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் முன்னால் இலங்கையில் ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த மனிதர். அமானுஷ்ய சக்தி இருக்கிறவர் யாரானாலும் ஏமாற்ற வழியில்லாத சோதனையில் நிரூபித்துவிட்டு ஒரு லட்சம் ரூபாய் வாங்கிக்கொள்ளலாம் என்று 1963-ல் அறிவித்தார். அன்றைய ஒரு லட்சம்! 1978-ல் அவர் இறக்கும்வரை பணம் பத்திரமாக இருந்தது. எதிரியின் குடலை நூறு மைல் தள்ளியிருந்து உருவுகிறவர்களுக்கு ஒரு மூடிய உறைக்குள் இருந்த ரூபாய் நோட்டின் எண்ணைப் படிக்க வரவில்லை.

இந்த ஊரில் செய்வினை வேலை செய்யாது என்பதற்குக் கோவூர்கூட வேண்டாம். அமாவாசை மறுநாள் விடியற்காலை சேலையூரிலோ செம்பாக்கத்திலோ ஏதாவது ஒரு முச்சந்திக்குப் போங்கள். கழிப்புக் கழித்த பூசணி, குங்குமம் அப்பிய எலுமிச்சை, கருப்புத் துணி, முட்டை எல்லாம் நடுரோட்டில் கிடக்கும். தாண்டினால் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று பொறியியல் படித்தவனும் பைக்கை வளைத்து ஓட்டிக்கொண்டு போவான். (ஆயுத பூஜை மறுநாள் ஜிஎஸ்டி சாலையில் அதே பூசணியில் வழுக்கி விழுந்து எலும்பு முறிவதை மட்டும் திருஷ்டி கணக்கில் சேர்ப்பதில்லை.) பிறகு மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் வருவார். பல நேரம் கையுறைகூட இல்லாமல், அத்தனையையும் அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு அடுத்த முச்சந்திக்குப் போவார். ஊரின் மொத்தச் செய்வினையையும் தினம் கையால் தொடுகிற சாதி ஒன்று இருக்கிறது. சூனியத்தில் சத்து இருந்தால் அவர்கள் வம்சமே இந்நேரம் இருந்திருக்கக் கூடாது.

அவர்கள் சாகிறார்கள்தான். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி, விஷவாயுவில். 1993 முதல் பதிவான அந்தச் சாவுகளில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு என்று நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகள் சொல்கின்றன. மனிதரை அப்படி இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் போட்ட பிறகும் இறக்குகிறார்கள். அந்தச் சாவுக்குக் காரணம் கண்டுபிடிக்க யாரும் வெற்றிலையில் மை போட்டதில்லை. ஒப்பந்தக்காரர் பெயர் வந்துவிடும்.

எலுமிச்சம்பழக்காரனை மட்டும் திட்டினால் நான் சமத்காரமாகத் தப்பித்துவிடுவேன். வேளச்சேரி மாலுக்கும் போக வேண்டும். அங்கே இதே சரக்கு ஆங்கிலம் பேசுகிறது. ஏழை வீட்டு வாசலில் தொங்கும் ஆகாச கருடன் கிழங்கு மூடநம்பிக்கை, சோழிங்கநல்லூர் ஐ.டி. மேனேஜரின் மணிக்கட்டில் இருக்கும் பைரைட் வளையம் 'எனர்ஜி'. குறி சொல்கிறவள் நாட்டுப்புறம். டாரட் சீட்டு போடுகிறவர் 'கோச்'. கடிகாரத்தில் 11:11 பார்த்தால் பிரபஞ்சம் பேசுகிறதாம். ஒரு விருப்பத்தைக் காலையில் மூன்று தடவை, மதியம் ஆறு தடவை, ராத்திரி ஒன்பது தடவை நோட்டில் எழுதினால் சம்பள உயர்வு வருமாம். இம்போசிஷன் எழுதச் சொன்ன வாத்தியாரைப் பள்ளியில் வெறுத்தவர்கள்தான், இன்று ஜிபேயில் பணம் கட்டி இம்போசிஷன் எழுதுகிறார்கள். முச்சந்திப் பூசணிக்காரனுக்காவது தான் பயந்துபோயிருக்கிறோம் என்று தெரியும். இவர்கள் தங்களை 'ஓப்பன் மைண்டட்' என்கிறார்கள்.

இன்னொரு வகை உண்டு: எதையும் நம்பாதவர்கள், எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர்கள், வாட்ஸப்பில் பெரியார் படம் வைத்திருப்பவர்கள். 2022-ல் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் கதை வெளியே வந்தது. ஒரு லட்சம் போட்டால் மாதத்துக்கு 25, 30 சதவீதம் வரை தருவோம் என்றார்கள். சுமார் ஒரு லட்சம் பேர், 2,438 கோடி ரூபாய் என்கிறது பொருளாதாரக் குற்றப்பிரிவு. காசு இழந்தவர்களில் பில்லி சூனியத்தை நம்பாதவர்களுக்கா பஞ்சம்? மாதம் முப்பது சதவீத வட்டியை நம்ப முடிந்த ஊரில் குட்டிச்சாத்தான் பாவம், என்ன கேட்டுவிட்டது, ஒரு சேவல்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஜவஹர்லால் நேரு காலத்துச் சட்டம், 1954: மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம். தாயத்து, மந்திரம், கவசம் எல்லாம் பெயர் சொல்லியே வருகிறது. அட்டவணையில் 54 நோய்கள். விரைவீக்கம் உண்டு. பெண்ணுக்குக் குழந்தையின்மை உண்டு. சித்தப்பிரமை உண்டு. இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்தால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை. அப்படியானால் அந்த ரயில் பெட்டிச் சுவர் ஒரு குற்றப்பத்திரிகை. குற்றவாளியே கையெழுத்திட்டு, பேச வேண்டிய எண்ணும் கொடுத்திருக்கிறான். ரயில்வே போலீஸ் அதன் கீழே சாய்ந்துகொண்டுதான் பயணம் செய்கிறது. கடன், காதல், கோர்ட் கேஸ் இவையெல்லாம் நோய் இல்லை என்பதால் அந்தச் சட்டத்துக்குள்ளும் வரவில்லை. சுவரைச் சுவரொட்டியால் அசிங்கப்படுத்தினால் தண்டிக்க 1959-லேயே மாநிலச் சட்டம் இருக்கிறது. ஆக, ஒரு குடும்பத்தைக் கெடுத்தவனைப் பிடிக்க முடியாது, சுவரைக் கெடுத்தவனைப் பிடிக்கலாம். அதையும் பிடிப்பதில்லை. தொலைக்காட்சிக்கு 1994-ல் போட்ட கேபிள் விதிகள் மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சி கூடாது என்கின்றன. விடிந்ததும் டிவியைப் போட்டு எந்தச் சேனலிலாவது ராசி பலன் இல்லாமல் பொழுது விடிகிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் கேலி நின்றுவிடுகிறது. எனக்கு நின்றுவிடுகிறது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பது சென்னையில் வசவு. 1794-ல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனைக்குத் தாம்பரத்திலிருந்து ஒரே ரயிலில் போகிற தூரம்தான். ஆனால் பெண்ணுக்குத் தூக்கம் போய், யாரோ காதுக்குள் பேசுகிறார்கள் என்று அவள் சொல்ல ஆரம்பித்தால், நம் வீடுகளில் முதலில் கூப்பிடுவது வேப்பிலை அடிக்கிறவரை. மாந்திரீகரிடம் போனால் 'யாரோ செய்துவிட்டார்கள்', குடும்ப கௌரவம் தப்பியது. டாக்டரிடம் போனால் 'பைத்தியம்', தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது. கௌரவத்துக்குக் கொடுக்கிற விலை அந்தப் பெண்ணின் இரண்டு மூன்று வருடங்கள். அதற்குள் நோய் முற்றிவிடும்.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. தர்காவுக்குப் போனால் பிடித்தது விலகும் என்று குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்கள், ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். தீப்பிடித்தது. 28 பேர். ஓடியிருக்கலாம், சங்கிலி இல்லாவிட்டால். அவர்கள் கத்தியது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். எப்போதும் கத்துகிறவர்கள்தானே. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று நாட்டின் மனநலச் சட்டம் தெளிவாகச் சொல்ல 2017 ஆக வேண்டியிருந்தது.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதற்கெல்லாம் பதில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சானடோரியம் ஆஸ்பத்திரி. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கியது. பின்னாளில், எச்ஐவி வந்தவர்களை மற்ற இடங்களில் தொடப் பயந்த காலத்தில், கூட்டம் கூட்டமாக அங்கேதான் வந்தார்கள். பாவத்தின் சம்பளம், சாமி குத்தம், முற்பிறவி என்று ஊர் தீர்ப்பெழுதி அனுப்பியவர்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக ஏஆர்டி மாத்திரை கொடுக்கத் தொடங்கியபோது நாட்டில் முதலில் திறந்த எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. எலும்பும் தோலுமாகப் படுத்தவர்கள் எழுந்து நடந்தார்கள். மாத்திரை அவர்களிடம் ராசி கேட்கவில்லை, நட்சத்திரம் கேட்கவில்லை, கெட்டவளா நல்லவளா என்று கேட்கவில்லை. அந்த ஆஸ்பத்திரி மதில் மேலேயே 'தீராத நோய் தீர்க்கப்படும்' என்று ஒட்டுகிறவனின் தைரியத்தை என்னவென்று சொல்ல!

தைரியம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் மேலேதான் பார்க்க வேண்டும். ராக்கெட் விடுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் அதன் மாதிரியை எடுத்துக்கொண்டு திருப்பதி போகிறார்கள். 2019 அக்டோபரில் பிரான்சில் ரஃபேல் விமானத்தை வாங்கும்போது பாதுகாப்பு அமைச்சர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு வெளியே ஆட்டோவில் பழம் கட்டுகிறவர் அன்றைக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பார். 2021-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜோதிடத்தில் எம்.ஏ. தொடங்கியது. இதெல்லாம் டெல்லி என்று நம்மவர்கள் தப்பிக்க முடியாது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை அரசுப் பள்ளிகளில், மகாவிஷ்ணு என்கிற பேச்சாளர் மாணவர்கள் முன் நின்று, உடல் குறையோடு பிறப்பது முற்பிறவி வினை என்கிற ரீதியில் பேசினார். அதை அங்கேயே எழுந்து நின்று தட்டிக்கேட்டவர் ஒரே ஒரு தமிழாசிரியர், பார்வையற்றவர். கண் தெரிந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீடியோ பரவி, ஊர் கொதித்து, பேச்சாளரைக் கைது செய்து, தலைமையாசிரியர்களை இடம் மாற்றி, அறிவியலே வழி என்று அறிக்கை விட்டார்கள். பெரியார் பெயரில் சாலை, மாவட்டம், பல்கலைக்கழகம் வைத்த மாநிலம். கிரகணத்தன்று திடலில் சிற்றுண்டி சாப்பிட்டுக் காட்டுகிற இயக்கம் இன்னும் இருக்கிறது, மகிழ்ச்சி. அரசுப் பள்ளி மேடைக்குள் முற்பிறவி எந்தக் கேட்டு வழியாக வந்தது என்றுதான் யாரும் சொல்லவில்லை.

மாந்திரீகம், நரபலி, அது சார்ந்த மோசடி, கொடுமை ஆகியவற்றுக்கென்று தனிச் சட்டம் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது, 2013. கர்நாடகத்தில் 2017-ல் இயற்றி 2020-ல் நடைமுறைக்கு வந்தது. குஜராத்தில்கூட 2024-ல் வந்துவிட்டது. குஜராத்தில்! மகாராஷ்டிரச் சட்டத்தின் பலத்தில்தான் 2021-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, டிவியில் அதிசய எந்திரம் விற்பது குற்றம் என்று சொல்ல முடிந்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. பகுத்தறிவு நம் ரத்தத்திலேயே ஊறியிருப்பதால் தாளில் தேவையில்லை போலும்.

சந்தேகப்படுகிறவன் இந்த நாட்டில் என்ன ஆவான் என்றும் பார்த்துவிடுவோம். 2008 மார்ச் 3, இந்தியா டிவி நேரலை. சுரீந்தர் சர்மா என்கிற தாந்திரீகர், பகுத்தறிவாளர் சனல் இடமருகுவை மந்திரத்தாலேயே கொன்று காட்டுவதாக இறங்கினார். மணிக்கணக்கில் மந்திரம், தண்ணீர் தெளிப்பு, கத்தி சுழற்றல். சனல் சிரித்துக்கொண்டிருந்தார். இவர் ஏதோ பெரிய தெய்வத்தைக் கும்பிடுகிறார், அதுதான் காப்பாற்றுகிறது என்றார் தாந்திரீகர். நான் நாத்திகன் என்றார் சனல். நாடே கைகொட்டியது. நான்கு வருடம் கழித்து மும்பையில் ஒரு சிலுவையிலிருந்து சொட்டிய தண்ணீர் அற்புதம் அல்ல, அடைத்துக்கொண்ட சாக்கடையின் கசிவு என்று அதே சனல் சொன்னார். மதத்தைப் புண்படுத்தியதாகப் புகார், 295ஏ. ஃபின்லாந்துக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். தாந்திரீகரின் மந்திரத்துக்கு அசையாத மனிதனை இந்திய தண்டனைச் சட்டம் நாடு கடத்தியது.

நரேந்திர தாபோல்கரை அப்படியும் விடவில்லை. அந்த மகாராஷ்டிரச் சட்டத்துக்காக வருடக்கணக்கில் அலைந்த மருத்துவர். மசோதா கிடப்பிலேயே கிடந்தது. 2013 ஆகஸ்ட் 20 காலை புனேயில் நடைப்பயிற்சிக்குப் போனவரை பைக்கில் வந்த இரண்டு பேர் சுட்டுக் கொன்றார்கள். கவனிக்க வேண்டியது, அவர்கள் எலுமிச்சம்பழம் கொண்டுவரவில்லை. பொம்மையில் ஊசி குத்தவில்லை, தகடு புதைக்கவில்லை. உண்மையிலேயே ஓர் ஆளை ஒழிக்க வேண்டும் என்றால் துப்பாக்கிதான் வேலைக்கு ஆகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பிணம் விழுந்த சில நாட்களில் அவசரச் சட்டம் வந்துவிட்டது.

அங்கே ஒரு பிணம் போதுமானதாக இருந்தது. நம் கணக்கைச் சட்டமன்றம் சொல்லட்டும். ஏர்வாடியில் 28 போதவில்லை. 2020 மே மாதம் புதுக்கோட்டை மாவட்டம் கந்தர்வக்கோட்டை அருகே 13 வயதுப் பெண்ணைப் பெற்ற தகப்பனே கொன்றான், பலி கொடுத்தால் செல்வம் வரும் என்று ஒரு மந்திரவாதி சொன்னதைக் கேட்டு என்றது போலீஸ், அதுவும் போதவில்லை. 2022-ல் கேரளத்து இலந்தூரில் பணம் பெருக நரபலி கொடுத்ததாகப் பதிவான வழக்கில் வெட்டுப்பட்ட இரண்டு பெண்களில் ஒருத்தி, தர்மபுரியிலிருந்து பிழைக்கப் போய்க் கொச்சித் தெருக்களில் லாட்டரிச் சீட்டு விற்றவள். மாந்திரீகத்தை நாம் மலையாளத்திலிருந்து இறக்குமதி செய்கிறோம். பலிக்கு ஆளை ஏற்றுமதி செய்தோம். அதுவும் போதவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் ஃபேஸ்புக்கில் ஹைக்கூ எழுதுகிறவராம். இன்னும் எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணைச் சொல்லிவிட்டால், ஏற்பாடு செய்யத்தான் ரயில் பெட்டிக்குப் பத்துப் பேர் போன் நம்பரோடு தயாராக இருக்கிறார்களே.